பன்னுக்கு எதிரான ஆதாரங்கள்

சீனிவாசராகவன் தன் வாழ்நாளில் எந்த நாயையும் தொட்டதில்லை. வெறுப்பு என்று சொல்லிவிட முடியாது. மாநில அரசின் தணிக்கைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் அவர். ஆதாரம் இல்லாமல் யார் மீதும் எதையும் சொல்லக்கூடாது என்பதில் பிடிவாதமானவர். நாய்கள் விஷயத்தில் ஆதாரம் திரட்டும் சந்தர்ப்பம் ஓய்வுபெறும்வரை அவருக்கு வாய்க்கவில்லை, அவ்வளவுதான்.

காக்ஸ் டவுனில் ஒரு பழைய பங்களாவை இடித்துக் கட்டிய சின்ன அடுக்ககம் அது. முதல் மாடியில் அவரும் மனைவி ரமாவும் இருந்தார்கள். மகன் தேஜஸ் சர்ஜாப்பூர் பக்கம் இருந்தான். ஒரே ஊர்தான் என்றாலும், பெங்களூரின் நெரிசலில் அந்த ஒரே ஊரைக் கடந்து வருவது பெரும்பாடு என்பதால் பேச்செல்லாம் தொலைபேசியில்தான். கீழே, வண்டிகள் நிறுத்தும் இடத்தை ஒட்டிய வீட்டில் லீனா குடியிருந்தாள். பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. கணவர் காலமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. அவள் வீட்டில் அவளையும் ஒரு நாயையும் தவிர வேறு யாரும் இல்லை.

அந்த நாயின் பெயர் பன். பேக்கரியில் அப்போதுதான் தட்டோடு வெளியே எடுத்த பன்னின் நிறம் அதற்கு. ஏறக்குறைய அதே வடிவமும்கூட. எந்த ஜாதி என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஏதோ ஒரு தெருமுனையிலிருந்து குட்டியாகத் தூக்கிக்கொண்டு வந்தது என்று லீனாவே சொல்வாள்.

பன் மீது சீனிவாசராகவனுக்கு இரண்டு குற்றச்சாட்டுகள் இருந்தன. லீனா பள்ளிக்கூடம் போன பிறகு மதியம் முழுக்க அது குரைத்தது. அவர் தூங்க நினைக்கும் நேரமும் அதுதான். இரண்டாவது இன்னும் தீவிரமானது. தினமும் காலையில் அவருடைய ஸ்கூட்டரின் முன் சக்கரம் நனைந்திருந்தது.

அவர் லீனாவிடம் மரியாதையாகவே சொல்லிப் பார்த்தார். குரைப்பதற்கு அவள் மன்னிப்புக் கேட்டாள். சக்கர விஷயத்தை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. கேட் திறந்திருக்கும்போது தெருநாய்கள் உள்ளே வருகின்றன, அதுகளின் வேலையாக இருக்கும் என்றாள். வாயிற்காவல் பார்க்கும் கோவிந்தனைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். ஜீவனஹள்ளியிலிருந்து சைக்கிளில் வந்து போகும் அந்த மனிதர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எனக்கு ரெண்டு பேருமே வேணும் சார்" என்று சொல்லிவிட்டார். வாகன நிறுத்தத்துக்கு ஒரு கண்காணிப்பு கேமரா இருந்தது. ஆனால் அது எப்போதோ காற்றில் திரும்பிக்கொண்டதிலிருந்து பக்கத்து வீட்டுப் பப்பாளி மரத்தை மட்டுமே கண்காணித்துவந்தது.

முந்தைய வருஷமே அவர் குடியிருப்போர் சங்கத்தில் ஒரு விதியை நிறைவேற்றி வைத்திருந்தார். வளாகத்துக்குள் நாயின் கயிறு யார் கையில் இருக்கிறதோ, அந்த நாய் செய்யும் அசுத்தத்துக்கு அவரே பொறுப்பு, அவரே தம் கையால் கழுவ வேண்டும். 'வேலைக்காரப் பெண்தான் கூட்டிக்கொண்டு போனாள்' என்று நாளைக்கு யாரும் தப்பிக்கக்கூடாது என்பதற்காக, ஓர் ஓட்டையும் இல்லாமல் அவரே எழுதிக் கொடுத்த வாசகம். விதி இருந்தது. குற்றத்தை நிரூபிப்பதுதான் பாக்கி.

சங்கத்தின் செயலாளர் ராஜேஷ்குமார், ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்ப்பவர். ஒரு வீடியோ மட்டும் இருந்தால் போதும், பொதுக்குழுவில் போட்டுக் காட்டிவிடலாம் என்றார். சீனிவாசராகவனுக்கு அது நியாயமாகப் பட்டது. தேஜஸ் வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட்போனை அதுவரை பஞ்சாங்கம் பார்க்கவும் தேஜஸிடம் பேசவும் மட்டுமே பயன்படுத்தியவர், மறுநாள் காலையில் அதைத் தூக்கிக்கொண்டு தூணுக்குப் பின்னால் நின்றார்.

ஒரு வாரம் எடுத்ததையெல்லாம் ராஜேஷ்குமாரிடம் காட்டினார். ராஜேஷ்குமார் பொறுமையாகப் பார்த்தார். முதல் வீடியோவில் ஒரு கட்டைவிரல் இருந்தது. இரண்டாவதில் தூண் இருந்தது. மூன்றாவதில் வெளிச்சமான கேட்டின் முன்னால் கறுப்பாக ஏதோ ஒன்று அசைந்தது.

"சார், இதுல நாய் எங்க?"

சீனிவாசராகவன் விரலால் காட்டினார்.

"இது கோணிப்பைன்னு லீனா மேடம் சொன்னா நாம ஒண்ணும் பேச முடியாது சார்."

அதில் இருந்த உண்மையை ஒரு தணிக்கைக்காரரால் மறுக்க முடியவில்லை. அன்று மாலையே தொலைபேசியில் 'நாயை நன்றாக வீடியோ எடுப்பது எப்படி' என்று தேடினார். ஏகப்பட்ட பேர் சொல்லித்தரக் காத்திருந்தார்கள். தொப்பி போட்ட ஒரு பெண் கன்னடமும் ஆங்கிலமும் கலந்து சொன்னது அவருக்கு நன்றாகப் புரிந்தது. அலுவலகத்தில் அவர் பேசிய மொழியே ஏறக்குறைய அதுதான். முதலில் லென்ஸைத் துணியால் துடையுங்கள் என்றாள். கைக்கு வந்ததிலிருந்து அவர் அதைத் துடைத்ததில்லை. வெளிச்சம் உங்கள் முதுகுப்பக்கம் இருக்க வேண்டும், நாயின் முதுகுப்பக்கம் அல்ல என்றாள். கோணிப்பையின் மர்மம் விலகியது. தூரத்தில் நின்றுகொண்டு படத்தைப் பெரிதாக்காதீர்கள், பக்கத்தில் போங்கள். மேலேயிருந்து எடுத்தால் முதுகுதான் தெரியும், நாயின் கண்மட்டத்துக்கு இறங்குங்கள். அது உங்களைப் பார்க்க வேண்டுமென்றால் அதற்குப் பிடித்ததை லென்ஸுக்கு மேலே பிடியுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் அதோடு நட்பாகுங்கள் என்றும் அவள் சொன்னாள். அது தொழில்நுட்பம் சம்பந்தப்பட்டதல்ல என்று சீனிவாசராகவன் தள்ளிவிட்டார்.

மறுநாள் லீனா பாத்திரம் கழுவும் நேரத்தில் பன் வழக்கம்போல வெளியே வந்தபோது, அது இதுவரை பார்க்காத ஒன்றைப் பார்த்தது. முதல் மாடிக்காரர் வாகன நிறுத்தத்தின் தரையில் ஒரு பழைய பெட்ஷீட்டை விரித்துக் குப்புறப் படுத்திருந்தார். பன் ஸ்கூட்டரை மறந்துவிட்டு அவரிடம் போய் லென்ஸை நக்கியது.

லென்ஸை மறுபடி துடைக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிடித்தது என்ன என்று தெரியாததால் ரமாவின் சமையலறையிலிருந்து ஒவ்வொன்றாகக் கொண்டுபோனார். ரஸ்க்கை மோந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டது. தேங்காய்ச் சில்லைத் தின்றது, ஆனால் அதற்காக உட்காரவில்லை. தயிர் சாதத்தை ஓர் உருண்டை பிடித்து லென்ஸுக்கு மேலே காட்டியபோது, பன் இரண்டு முன்னங்கால்களையும் சேர்த்துவைத்து, காதை விறைத்து, அசையாமல் உட்கார்ந்தது. இளவெயில் முகத்தில் விழுந்தது. அப்படி ஒரு தெளிவான நாயை அவர் திரையில் பார்த்ததே இல்லை.

ஆனால் அதில் குற்றம் எதுவும் இல்லை.

இதுதான் அடுத்த சில வாரங்களின் சங்கடம். வீடியோக்கள் நாளுக்கு நாள் மேம்பட்டன. பன்னின் நடத்தையும் அதே வேகத்தில் மேம்பட்டது. காலையில் வெளியே வந்ததும் அது ஸ்கூட்டர் பக்கமே திரும்பாமல் நேராக பெட்ஷீட்டுக்கு வந்து உட்கார்ந்தது. சக்கரம் உலர்ந்தே இருந்தது. சரி, குரைப்பதையாவது பதிவு செய்யலாம் என்று மதியம் கீழே இறங்கிப் போய் லீனா வீட்டுக் கதவருகில் தொலைபேசியை நீட்டினார். அவருடைய காலடிச் சத்தம் கேட்டதும் உள்ளே குரைப்பு நின்றது. கதவின் அடியில் ஒரு மூக்கு வந்து மூச்சுவிட்டது. அவர் நகர்ந்தால் திரும்பத் தொடங்கியது. அவர் மாடிப்படியில் உட்கார்ந்தால் அடங்கியது. ஆதாரம் கிடைக்கும்வரை காத்திருப்பது என்று தினமும் அங்கேயே உட்கார்ந்தார். அவருடைய தொலைபேசியில் நீண்ட நீண்ட நிசப்தங்கள் சேர்ந்தன. அடுக்ககத்தில் பலரும் மதியம் நிம்மதியாகத் தூங்கினார்கள். அவர் ஒருவரைத் தவிர.

"அது குரைக்கலைன்னா நல்லதுதானே, மேல வந்து படுத்துக்கோங்கோ" என்று ரமா சொன்னாள். நிரூபிக்கப்படாமல் விட்டுவிட்டால் புகார் கொடுத்த தன் பெயர்தான் கெடும் என்று அவர் விளக்கினார். ரமா அதற்கு மேல் வாதாடவில்லை. தயிர் சாதத்தைக் கொஞ்சம் குழைவாகப் பிசைந்து கொடுத்தாள்.

ஒருநாள் காலை லீனா வெளியே வந்து அவரைத் தரையில் கண்டுவிட்டாள். அவர் எழுந்திருக்க முயன்றார். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அவளே கைகொடுத்துத் தூக்கினாள். எதற்காக எடுக்கிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். பொய் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. ஆனால் தன் நாயைத் தரையில் படுத்துக்கொண்டு வீடியோ எடுக்கும் ஒரு பெரியவரிடம் அப்படிக் கேட்க லீனாவுக்குத் தோன்றவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் ஒரு தட்டில் கேக் கொண்டுவந்து கொடுத்தாள். முட்டை இல்லாதது என்று இரண்டு முறை சொன்னாள்.

பொதுக்குழுவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது கே.ஜி.எஃப்-இல் லீனாவின் பெரியம்மா இறந்துபோனார். காலையிலேயே வந்து மணியடித்தாள். கண் சிவந்திருந்தது. அன்றைக்கு மட்டும் பன்னைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். சீனிவாசராகவன் பதில் யோசிப்பதற்குள் ரமா சரியென்று சொல்லிவிட்டாள். லீனா கயிற்றை அவர் கையில் கொடுத்துவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடினாள்.

பன் வீட்டுக்குள் வர மறுத்தது. இதுவரை நாய் நுழையாத வீட்டின் வாசலில் நின்று அதுவும் தயங்கியிருக்கலாம். அதைக் கீழே கூட்டிக்கொண்டு போனார். பெட்ஷீட் இல்லை, தயிர் சாதம் இல்லை, எஜமானி ஆட்டோவில் ஏறிப் போவதைப் பார்த்துவிட்ட கலவரம் வேறு. பன் சுற்றிமுற்றிப் பார்த்தது. பிறகு நேராக ஸ்கூட்டரிடம் போனது.

சீனிவாசராகவனின் இடது கை தானாகவே பைக்குள் போனது. வெளிச்சம் முதுகுப்பக்கம் இருந்தது. அவர் முழங்காலைப் பொருட்படுத்தாமல் கண்மட்டத்துக்கு இறங்கினார். பன் பின்னங்காலைத் தூக்கியது.

அவர் எடுத்ததிலேயே சிறந்த வீடியோ அதுதான். நாயின் முழு உருவமும் பக்கவாட்டில் தெரிந்தது. நம்பர் பலகை படிக்கும்படி இருந்தது. சொட்டுகள் வெயிலில் மின்னின. மாடி ஏறியதும் ரமாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் பார்த்தாள்.

"நன்னா விழுந்திருக்கு. அந்தக் கயித்தைப் பிடிச்சிண்டிருக்கறது யாரு?"

அவர் திரும்பப் பார்த்தார். பன்னின் கழுத்திலிருந்து ஒரு சிவப்புக் கயிறு மேலே போனது. படத்தின் ஓரத்தில் ஒரு கை அதைப் பிடித்திருந்தது. கையில் பவித்திர மோதிரம்.

ரமா தயிர் சாதம் காட்டி உள்ளே வரவழைத்த பன், அன்று முழுவதும் பால்கனியில் தெருவைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தது. சாயங்காலம் திரும்பி வந்த லீனா, பெரியம்மாவைப் பற்றி ரமாவிடம் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு நாயைக் கூட்டிக்கொண்டு போனாள்.

ராஜேஷ்குமார் வீடியோவைப் பார்த்ததும் அசந்துபோனார். கையை மட்டும் வெட்டிவிடலாம், ஒரு நிமிஷ வேலை என்றார். சீனிவாசராகவன் மறுத்துவிட்டார். ஓர் ஆவணத்தின் ஓரத்தை வெட்டிவிட்டுச் சமர்ப்பிப்பதற்குத் தன் துறையில் வேறு பெயர் உண்டு என்றார். அப்படியானால் காட்டாமலே விட்டுவிடலாமே என்றார் ராஜேஷ்குமார். நிகழ்ச்சி நிரலில் வந்துவிட்டதை விட முடியாது என்றார் இவர்.

பொதுக்குழு மொட்டைமாடியில் கூடியது. தண்ணீர்த் தொட்டியின் சுவரில் ஒரு வேட்டியைக் கட்டி அதில் வீடியோவைப் போட்டார்கள். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். படம் எவ்வளவு தெளிவு என்று யாரோ பாராட்டினார்கள். பிறகு ஒருவர் அந்தக் கை யாருடையது என்று கேட்டார்.

"என்னுடையது" என்றார் சீனிவாசராகவன். "விதிப்படி பொறுப்பு என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை நானே கழுவறேன். ஆனா செஞ்சது அந்த நாய்தான்கிறதும் இதுல நிரூபணம் ஆயிடுத்து."

நிரூபணமானதைப் பற்றி அக்கறைப்பட அங்கே யாரும் இல்லை. ஒரு மாதத்துக்கும் மேலாக ஒரு குரைப்பும் கேட்காத நிம்மதியில் எல்லோரும் இருந்தார்கள். லீனா மட்டும் சிரிக்கவில்லை. அவள் பின்வரிசையிலிருந்து எழுந்து அவர் அருகில் வந்தாள்.

"இத்தன நாளா இதுக்குத்தானா அங்கிள்?"

"ஆமாம்மா" என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை வாளியும் பினாயிலும் துடைப்பமுமாக இறங்கி, ஸ்கூட்டர் நின்ற இடத்தை மட்டுமல்லாமல் முழு வாகன நிறுத்தத்தையும் கழுவினார். கோவிந்தன் வந்து துடைப்பத்தைக் கேட்டார். இவர் கொடுக்கவில்லை. கழுவிக்கொண்டிருக்கும்போது லீனா பன்னைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தாள். பன் அவரை நோக்கி இழுத்தது. அவள் எதிர்ப்பக்கம் இழுத்தாள். அவள்தான் ஜெயித்தாள்.

அன்றிலிருந்து அவள் பன்னை வெளியே விடும் நேரத்தை மாற்றிக்கொண்டாள். மதியம் அவரும் படியில் போய் உட்காரவில்லை. எந்த முகத்தோடு உட்காருவது? குரைப்பு மறுபடி தொடங்கியது. முன்பைவிட நீளமாக, ஒவ்வொரு முறையும் முடிவில் ஒரு இழுப்போடு. மற்ற வீட்டுக்காரர்கள் ராஜேஷ்குமாரிடம் புகார் சொன்னார்கள். ராஜேஷ்குமார் இவரிடம் வந்து, நீங்கள் இதில் அனுபவசாலி, ஒரு வீடியோ எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். தனக்கு உடம்பு சரியில்லை என்று சீனிவாசராகவன் சொன்னார். பொய் சொல்லும் பழக்கம் அவருக்கு அன்று வந்தது.

"நான் பண்ணினது தப்பா?" என்று ரமாவிடம் கேட்டார்.

"விதிப்படி ஒண்ணும் தப்பில்லை" என்றாள் ரமா. அவர் எதிர்பார்த்த ஆறுதல் அதில் இல்லை.

கடைசியில் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் அவர் மன்னிப்புக் கேட்டார். தொலைபேசியில் இருந்த பன்னின் வீடியோக்கள் அத்தனையையும் லீனாவுக்கு அனுப்பினார். விளக்கம் எதுவும் எழுதவில்லை. கட்டைவிரலிலும் கோணிப்பையிலும் தொடங்கி, லென்ஸை நக்கும் மூக்கு, தயிர் சாதத்துக்காகச் சேர்த்துவைத்த பாதங்கள், ஸ்லோமோஷனில் எடுத்ததில் பறக்கும் காதுகள் என்று போய்க்கொண்டே இருந்தது. கதவுக்கு வெளியே பதிவான நிசப்தங்களும் அதில் இருந்தன. அனுப்பி முடிக்கவே ஒரு பகல் ஆயிற்று.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த லீனா மாடிக்கு வந்தாள். உட்காரவில்லை.

"எல்லாத்தையும் பாத்தேன் அங்கிள். அந்த ஒண்ணத் தவிர வேற எதுலயும் அவன் தப்பு பண்ணல."

"அதுதாம்மா என் பிரச்சினையே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்ததை மறைக்கப் பார்த்தாள்.

"நேரா எங்கிட்டயே சொல்லிருக்கலாம்."

"சொன்னேனே. தெருநாய்ன்னயே."

"அவன்தான்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றாள் லீனா. "ஒத்துக்கிட்டா அவன வெச்சுக்கக் கூடாதுன்னு சொல்லிடுவீங்களோன்னு பயம். அவனும் இல்லன்னா அந்த வீட்ல நான் யார்கூட பேசறது?"

சீனிவாசராகவன் தலையை ஆட்டினார். அப்படி ஒரு தீர்மானத்தின் வரைவு தன் மேஜை இழுப்பறையில் இருந்ததை அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

போகும்போது லீனா வீட்டுச் சாவி ஒன்றை மேஜைமீது வைத்துவிட்டுப் போனாள். மதியம் படியில் உட்கார வேண்டாம், உள்ளே மின்விசிறி இருக்கிறது என்றாள். மறுநாளிலிருந்து அவருடைய மதியத் தூக்கம் லீனா வீட்டுச் சோபாவில் என்றாயிற்று. பன் சோபாவுக்குக் கீழே படுத்துக்கொள்ளும். இருவரில் யார் குறட்டை விடுவது என்பதில் கோவிந்தனுக்கும் ரமாவுக்கும் கருத்து வேறுபாடு உண்டு.

நாய்களைப் பற்றிய தன் கருத்தை அவர் இன்றுவரை மாற்றிக்கொள்ளவில்லை. அவை அசுத்தமானவை, அடுக்ககத்துக்கு உகந்தவை அல்ல என்றே சொல்கிறார். சாயங்காலம் ரிச்சர்ட்ஸ் டவுன் பூங்காப் பக்கம் பன்னோடு நடக்கும்போது எதிரே வருகிறவர்களிடமும் இதைச் சொல்வதுண்டு. அவர்கள் நாயின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போகிறார்கள். அவர் பெயரை யாரும் கேட்பதில்லை.

இந்த வருஷம் அவருக்கு எழுபது நிறைகிறது. பீமரத சாந்தி நடத்த வேண்டும், அழைப்பிதழில் போட அம்மா அப்பா படம் அனுப்புங்கள் என்று தேஜஸ் கேட்டான். சீனிவாசராகவன் தொலைபேசியை மேலும் கீழுமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். அதில் ரமா எங்கேயும் இல்லை. ஓரிடத்தில் மட்டும், தயிர் சாத உருண்டையோடு நீண்ட அவள் விரல்கள் இருந்தன.

அவர் வெட்கத்தோடு அவளிடம் சொன்னார். ரமா தரையில் உட்கார்ந்து கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். "என்னைப் படம் எடுக்கணும்னா நானும் காதைத் தூக்கிண்டு உக்காரணுமா?" என்றாள்.

அவர் லென்ஸைத் துடைத்தார். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து, ஜன்னலுக்கு முதுகைக் காட்டினார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் இறங்கி, அவளுடைய கண்மட்டத்துக்கு வந்தார். அங்கிருந்து அவளைப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. பக்கத்தில் போக வேண்டும் என்பதால் இன்னும் கொஞ்சம் நகர்ந்தார்.

"வெளிச்சத்தை மறைக்கறேள்" என்றாள் ரமா. "தள்ளிக்கோங்கோ."

அவர் தள்ளிக்கொண்டார். அவள் நிமிர்ந்து பார்க்கட்டும் என்று காத்திருந்தார்.